கோயில் வாசலில் அட்டை கேட்கப்போகும் மகனுக்கு

சரவணா,

நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், நேற்றும் மறுசோறு கேட்டுச் சாப்பிட்டாய், நீ நலம்தான். பேசித் தீர்க்காமல் எதற்கு எழுத்து என்று நினைப்பாய். பேச ஆரம்பித்தால் ஒன்று நீ எழுந்து போய்விடுகிறாய், இல்லையென்றால் குரலை உயர்த்துகிறாய். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உடனே வானொலியைக் குறைத்துக்கொண்டு காது கொடுக்கிறார்கள். எழுத்து எழுந்து போகாது, கத்தாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுவதல்ல. வியாழக்கிழமை காலையில் இதை நகல் எடுத்துக் கோயில் கமிட்டியில் இருக்கும் எல்லோர் கையிலும் கொடுக்கப் போகிறேன். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும். தமிழினத்தின் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பிய உன் கமிட்டியில் அவர்கள்தான் அதிகம். வீட்டு விஷயத்தைத் தெருவில் கொண்டுபோய் வைப்பவள் இல்லை நான். வாடகைப் புத்தகக் கடையில் என்ன புத்தகம் எடுக்கிறேன் என்பதைக்கூட உன் அப்பாவிடம் சொல்லாதவள். அப்படிப்பட்டவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய்.

நடந்ததை எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன். திங்கட்கிழமை இன்சீன் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். நம் வார்டு ஆபீஸ் எழுத்தர், எப்போதும் வாயில் வெற்றிலையோடு நிற்பானே, அவன் தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கூப்பிட்டான். "ஏய் கலாமா, உன் மகனை எங்க ஆபீஸுக்கே குடுத்துடேன்" என்றான். இந்தியக்காரி என்பதற்குப் பர்மிய மொழியில் இருக்கிற அந்தச் சொல்லை அவன் திட்டாகக்கூடச் சொல்லவில்லை. அது ஏதோ என் பெயர் மாதிரிதான் சொன்னான். என்ன விஷயம் என்று கேட்டேன். "தீமிதிக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு ஒரு கணக்குதான் கேட்டோம். அனுமதி எழுத அது போதும். உன் மகன் என்னடான்னா யார் என்ன இனம், என்ன மதம், அட்டை என்ன கலர், எல்லாம் கட்டம் போட்டுக் கொண்டாந்து தர்றேன்றான். எங்க ஆளுங்களுக்கே இந்த மூளை கிடையாது!" என்று சொல்லி வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். மீன்காரி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது. மீனை வாங்க மறந்து பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது நீ மறைக்கவில்லை. அதை உன் கணக்கில் வரவு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டும்போது கோயில் வாசலில் மேசை போடுவீர்கள். தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் கயிறு வாங்குவதற்கு முன்னால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையில் இந்தியர், இந்து என்று இருந்தால் உள்ளே. இல்லையென்றால் கயிற்றுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். மேசையில் உட்காரப் போகிறவன் நீ. "அப்ப மல்லிகா?" என்று கேட்டேன். "சட்டம்னா எல்லாருக்கும்தாம்மா" என்றாய். மல்லிகா உன் சித்தப்பா மகள். உன் முதுகில் ஏறி வளர்ந்தவள். தன் அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டவள். தன்லியினில் அவர்கள் வீட்டில் கருவாட்டுச் சட்டியைக்கூட எடுத்து வெளியே வைத்துவிட்டு விரதம் இருக்கிறாள். அவள் அட்டையில் பெயர் மா ஸபே, இனம் பர்மியர், மதம் பௌத்தம். அது ஏன் அப்படி இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உன் கமிட்டித் தலைவருக்கும் தெரியும். அவருடைய இரண்டு பேத்திகளின் அட்டையிலும் அதுதான் இருக்கிறது. அவர்கள் தீ மிதிக்க வருவதில்லை என்பதால் அவருக்குக் கவலை இல்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது நீ பேசியதையெல்லாம் நான் மறக்கவில்லை. நியாயமான இடங்களை நியாயம் என்றே ஒப்புக்கொள்கிறேன். "வெளிய நம்மளக் கலான்னு சொல்றவங்க, உள்ள வந்து நம்ம அம்மன் கிட்ட வரம் கேக்கறாங்க. அவங்க ஆவிச் சாமிங்க, அந்த நாட்டுகளுக்குக் குடுக்கற மாதிரி தேங்காயும் வாழைக்காயும் தூக்கிட்டு வந்து முன்னாடி நிக்கறாங்க, நம்ம கிழவிங்க பின்னாடி நிக்குதுங்க. அது சரியா?" என்றாய். சரியில்லை. கிழவிகளை முன்னால் நிறுத்துவதற்கு ஒரு நாற்காலி வரிசை போதும், அட்டை எதற்கு என்று நான் கேட்டேன். அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது. "அவங்க பிங்க் அட்டை வாங்கறதுக்காகப் பேரையும் சாமியையும் வித்தாங்க. நான் விக்கல. நீங்க விக்க விடல. அதனால என்ன ஆச்சு எனக்கு? இப்ப அவங்களுக்கு ரெண்டும் வேணுமா? காலேஜும் வேணும், காப்பும் வேணுமா?" உன் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போய்விட்டார். போகிற போக்கில், "ஒர்க்ஷாப்ல எஞ்சின் சத்தமே தேவலை" என்று முனகினார். நீ கேட்டதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன்.

உனக்குப் பதினெட்டு வயதானபோது அட்டை ஆபீஸுக்கு நாம் இருவரும் போனோம். அங்கே இருந்த அதிகாரி நல்லவர்தான் என்று இன்றும் நினைக்கிறேன். வெயிலில் நிற்கிறோம் என்று உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, "இவன் உன் தம்பியா?" என்று கேட்டார். மகன் என்றதும் நம்பாமல் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பையன் நல்லா மார்க் வாங்கியிருக்கான். தாத்தா காலத்துக் கதையெல்லாம் எழுதினா பாதிக் குடிமகன்னு நீல அட்டைதான் வரும். நீல அட்டைக்கு எஞ்சினியர் படிப்பு கிடையாது. தாய்வழியில பர்மியர்னு ஒரு வார்த்தை போடு, மதத்துல பௌத்தம்னு போடு. அடுத்த மாசம் வந்து பிங்க் வாங்கிட்டுப் போ. கோயிலுக்குப் போக வேண்டாம்னு நான் சொல்லலையே?" என்றார். உன் சித்தப்பா அப்படித்தான் செய்தார். அவர் மனைவி பர்மியப் பெண் என்பதால் அவருக்கு அது பாதிப் பொய்தான். நம் தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். அட்டையில் ஒரு ஆள், பூஜை அறையில் ஒரு ஆள். இந்த ஊர்த் தமிழர்கள் இப்படித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நான் முடியாது என்றேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். நான் அசையவில்லை. நீல அட்டை வந்தது. நீ எஞ்சினியர் ஆகவில்லை. செல்போன் பழுது பார்க்கும் கடையில் அடுத்தவனுக்குக் கீழே வேலை பார்க்கிறாய். பிங்க் அட்டை வைத்திருக்கும் மல்லிகா மூன்றாம் வருஷம் எஞ்சினியரிங் படிக்கிறாள். இந்தக் கணக்கை நீ என் முகத்தில் எறியும்போதெல்லாம் நான் வாங்கிக்கொள்வேன். இன்னொரு முறை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன் என்பதால் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஆனால் நான் ஏன் மறுத்தேன் என்பதை நீ தலைகீழாகப் படித்து வைத்திருக்கிறாய். தமிழ் ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் அந்த ஆபீஸில் பிடிவாதம் பிடிக்கவில்லை. ரத்தத்தைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. என் மகன் யார் என்பதை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது என்பதுதான் என் பிடிவாதம். அரசாங்கம் ரோடு போடட்டும், தண்ணீர் விடட்டும், திருடனைப் பிடிக்கட்டும். நம் வீட்டில் இன்றிரவு யார் படுக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறது, கொடுக்கிறோம். மல்லிகா ஒரு நாள் இங்கே தங்குவதற்குக்கூட உன் அப்பா வார்டு ஆபீஸில் போய் நிற்கிறார். அதெல்லாம் பயந்து செய்வது. பயந்து செய்வதில் அவமானம் உண்டு, பாவம் இல்லை. நீ செய்வது வேறு. அவர்கள் தலைக் கணக்கு மட்டும்தான் கேட்டார்கள். அவர்களுக்கே தோன்றாத கேள்விகளை நீ அவர்களுக்காக எழுதிக் கொடுத்தாய். நாளைக்குக் காற்று மாறி அடிக்கும்போது, யார் எந்த வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று அவர்கள் தெருத்தெருவாகத் தேட வேண்டியதில்லை. மல்லிகா பொய் அட்டை வைத்திருக்கிறாள் என்று நீ கயிற்றுக்கு வெளியே நிறுத்திக் காட்டுகிறாயே, அந்த வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு யார் நிற்பார்கள் என்று யோசித்தாயா? அவளுடைய படிப்பு ஒரே நாளில் போகும். காப்பு கிடைக்குமா கிடைக்காதா என்பதோடு இது முடிகிற விஷயம் இல்லை.

"அம்மா, நீங்க பழைய பயத்துலயே இருக்கீங்க. காலம் மாறுது. தேர்தல் வருதுங்கறாங்க. இத்தன வருஷம் கழிச்சு ஊர்வலத்துக்கு ரோடு குடுத்திருக்காங்க. நாம ஒழுங்கா இருந்தாதான் அடுத்தடுத்து உரிமை வரும்" என்று நீ சொன்னாய். நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் கதையைக் கேள். நான் பிழை திருத்த உட்கார்ந்த புதிதில், பத்திரிகை அச்சாகி வந்த பிறகு தணிக்கைக்காரர்கள் பக்கத்தைக் கிழிக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் வெள்ளிச் சாயம் பூசச் சொல்வார்கள். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து தூரிகையால் பூசுவோம். வாசகர்கள் சாயத்தைச் சுரண்டிப் படிப்பார்கள். இப்போது சாயம் பூசுவது குறைந்துவிட்டது. எங்கள் ஆசிரியர் அதை முன்னேற்றம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். உண்மை என்னவென்றால், எழுதுகிறவர்கள் முன்னைவிட ஜாக்கிரதையாகிவிட்டார்கள். சாயம் இப்போது எழுதுகிறவன் தலைக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுரண்டிப் படிக்க யாராலும் முடியாது. ரோடு கொடுத்திருக்கிறார்கள் என்றாயே, கொடுத்தவன் நாளைக்கு எடுத்துக்கொள்வான். அவன் எடுக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக நாம் நம்மில் யாரையாவது தள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தால் அதற்கு உரிமை என்று பெயர் வைக்காதே.

கமிட்டிக்காரர்களும் படிக்கப் போவதால் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன். நம் வீட்டில் இதைச் சிரிப்புக்காகத்தான் சொல்வோம். நீ பிறந்து சில மாதங்களே ஆன எண்பத்தெட்டாம் வருஷம். ஊரில் அரசாங்கம் என்று ஒன்று கண்ணில் படாமல் போன நாட்கள். போலீஸ் இல்லை, ஆபீஸ் இல்லை. ஒவ்வொரு தெரு முனையிலும் மக்களே மூங்கில் வேலி கட்டிக் காவல் இருந்தார்கள். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காவல் பையன்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்களை யாரும் கலா என்று சொல்லவில்லை. பிறகு குடிதண்ணீரில் விஷம் கலக்க ஆள் அனுப்புகிறார்கள் என்று வதந்தி வந்தது. அதன் பிறகு வேலிக்கு வந்த ஒவ்வொருவனையும் நீ யார், எந்த வார்டு, என்ன இனம், அட்டை எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. முந்தின நாள் நான் தேநீர் கொடுத்த பையன்கள். அப்போது எனக்குப் புரிந்தது, அரசாங்கம் போனாலும் அதன் நாற்காலி போகாது என்று. காலியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உன் சித்தப்பா அன்றைக்குத் தன்லியினுக்குப் பக்கத்தில் ஒரு வேலியில் மாட்டிக்கொண்டார். கறுப்பாக இருந்தார், கையில் ஒரு மருந்துப் புட்டி இருந்தது, அட்டை இல்லை. அது உனக்குப் பேதி நிற்பதற்காக வாங்கிய மருந்து. நாலு பேர் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கத்தியை எடுத்துவிட்டான். அப்போது வேலிக்கு இந்தப் பக்கம் மீன் விழுது விற்றுக்கொண்டிருந்த ஒரு பர்மியப் பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, "கையை எடுங்கடா, அது என் புருஷன்! மருந்து வாங்கப் போனவன் எங்கே குடிச்சிட்டுக் கிடந்தியோ?" என்று அவர் முதுகிலேயே ஓங்கி ஒரு அறை விட்டாளாம். அவளுக்கு அவர் யார் என்றே தெரியாது. அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. வேலிக்காரன் சந்தேகத்தோடு, "இந்தக் கலாவா உன் புருஷன்?" என்று கேட்டதற்கு, "உனக்கு என்ன வந்தது, நீயா சோறு போடறே?" என்று கேட்டிருக்கிறாள். விட்டுவிட்டார்கள். அவள் பெயர் டோ தீடா. உன் சித்தி. "அன்னைக்கு வாங்கின அறை இன்னும் வலிக்குது, அதான் கட்டிக்கிட்டேன்" என்று உன் சித்தப்பா சொல்லும்போதெல்லாம் நீயும்தான் சிரிப்பாய். சிரித்துவிட்டு அவள் மகளுக்குக் கயிறு கட்டி வைத்திருக்கிறாய். அன்றைக்கு அந்த வேலியில் அவள் அட்டை பார்த்திருந்தால், இனம் பார்த்திருந்தால், உனக்கு மருந்தும் வந்திருக்காது, சித்தப்பாவும் வந்திருக்க மாட்டார்.

இனப் பெருமை வேண்டாம் என்று நான் சொல்வதாக உன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறாயாம். கோ ஜோ என்று உன் பர்மியப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லையாமே, கடை முதலாளி சொன்னார். திரும்பாதே, அது உன் இஷ்டம். இந்த ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடங்களை மூடிய பிறகு, இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் விட்டுப்போன பழைய புத்தகங்களை வைத்து நானே எழுத்துக் கூட்டிப் படித்தவள். உனக்கும் மல்லிகாவுக்கும் ஒரே பலகையில் அ எழுதப் பழக்கினேன். அவள் உன்னைவிட அழகாக எழுதுவாள், அதுவும் உனக்குத் தெரியும். என் பெருமை அந்தப் பலகையோடு சரி. அதற்கு வாசலும் தேவைப்படவில்லை, காவலும் தேவைப்படவில்லை. உன் பெருமை ஒருத்தியை வெளியே தள்ளினால்தான் நிற்கும் என்றால், அட்டை ஆபீஸ் உனக்குச் செய்த அநியாயத்தை நீ இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று அர்த்தம். அதை இறக்கி வைக்க இடம் தேடினாய். கிடைத்தது உன் தங்கையின் தலை. மேலே இருப்பவன் தலையில் வைக்க உனக்குத் தைரியம் இல்லை. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். மென்மையாகச் சொன்னதை எல்லாம் நீ சோற்றோடு விழுங்கிவிட்டாய்.

நேற்று மல்லிகாவுக்கு போன் செய்தேன். இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு ஆபத்து என்பதால் நான் சொல்ல வேண்டியிருந்தது. "பெரியம்மா, நேர்ந்துக்கிட்டது நான். கமிட்டி இல்ல" என்றாள். பிறகு, "அண்ணன் என்கிட்ட அட்டை கேக்க மாட்டார். கேக்கற மாதிரி நடிப்பார், அவ்வளவுதான்" என்றாள். உன்னை அவள் அவ்வளவு நம்புகிறாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. உன்னை நான் பெற்றவள், அதனால் எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும்.

ஆகவே வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வார்டு ஆபீஸுக்கு அந்தத் தாள் போகக் கூடாது. தலைக் கணக்கை மட்டும் கொடு, அவர்கள் கேட்டது அவ்வளவுதான். மேசையை எடுத்துவிட்டால் நான் வீட்டில் இருப்பேன், எனக்குக் கூட்டம் பிடிக்காது. மேசை அங்கே இருந்தால் நானும் வருவேன். தீ மிதிக்க எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது, அம்மனோடு எனக்கு அவ்வளவு நெருக்கமும் இல்லை. இருந்தாலும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பேன். எனக்குப் பின்னால் உன் சித்தி, அவளுக்குப் பின்னால் மல்லிகா. என் அட்டையில் இந்தியர் என்றும் இருக்கிறது, இந்து என்றும் இருக்கிறது, உன் சட்டத்துக்கு அது பொருந்தும். ஆனால் அதை நான் கொண்டு வர மாட்டேன். முகம் தெரியும் என்று என்னை உள்ளே விட்டால், எனக்குப் பின்னால் நிற்பவர்களின் முகமும் உனக்குத் தெரியும் என்று கமிட்டித் தலைவர் காதில் விழும்படி சொல்லித்தான் விட வேண்டும். முடியாது, சட்டம் எல்லோருக்கும்தான் என்றால், என் கண்ணைப் பார்த்து, நீ யார், என்ன இனம், அட்டை எங்கே என்று கேள். வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேள்.

உன் அம்மா